மாதேஷுக்கு ஆன கதி

1. ஆறு கட்டில், ஆள் இல்லை

ரத்த வங்கியில் நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ முகாம் நடத்தியிருக்கிறேன். அதில் என் மானத்தை வாங்கிய முகாம் ஒன்று உண்டு. ஓசூருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக். பேர் வேண்டாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம் அது. செமினார் ஹாலில் ஆறு மடக்குக் கட்டில் போட்டு, விரிப்பு விரித்து, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்து, பிஸ்கட்டையும் மாம்பழ ஜூஸையும் மேசையில் அடுக்கிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மதியம் நெருங்கும்வரை ஒரு பையன்கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் டாக்டர் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிட்டார். டிரைவர் ஒரு ஜூஸை எடுத்துக் குடித்தே விட்டான். நான் அதட்டவில்லை. வேறு யார் குடிக்கப் போகிறார்கள்?

இதே ஹாலில் போன வருடம் வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது. "மேடம், என்னை முதல்ல எடுங்க, கிளாஸ் இருக்கு" என்று அடித்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் இந்தப் பையன்களுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கலைச்செல்வி. லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து, முகாம் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். வாய் கொஞ்சம் அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். இன்று கல்லூரி முகாம்களுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் தனபால் சார். எலக்ட்ரிக்கல் பிரிவு விரிவுரையாளர், நல்ல மனுஷர், ஆனால் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். வாசலில் நின்றபடி வராண்டாவைப் பார்த்துக் கத்தினார்.

"ரெண்டாவது வருஷம் மொத்தமும் லைன்ல வந்து நில்லுங்கடா. வராதவனுக்கு இன்டர்னல் மார்க்குல கை வெச்சிடுவேன்."

நான் எழுந்து போய் அவரை நிறுத்தினேன்.

"சார், மிரட்டி எடுக்கற ரத்தம் எனக்கு வேணாம். மார்க்குக்குப் பயந்து வர்றவன் நாங்க கேக்கற கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டான். மஞ்சள் காமாலை வந்திருந்தாலும் மறைச்சிடுவான். அப்புறம் அந்தப் பையைக் கீழ கொட்ட வேண்டியதுதான்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க மேடம்? உங்களுக்கு ரத்தம் வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். அந்த வாரம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

2. எடை பார்க்கும் மெஷினில் பாண்டி

ஓசூரில் கோடைக்காலம் வந்தாலே ரத்த வங்கியில் பைக்குப் பஞ்சம் வந்துவிடும். பரீட்சை முடிந்து கல்லூரிப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மாம்பழ லோடு ஏற்றிய வண்டிகள் நெடுஞ்சாலையில் பறக்கும், விபத்தும் கூடும். அதோடு இந்த ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. எங்கும் உள்ள வழக்கம்தான்: ரத்தம் வாங்கிப் போகிறவர்கள் பதிலுக்குத் தங்கள் சொந்தக்காரர்கள் யாரையாவது கூட்டிவந்து கொடுக்கச் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் அண்ணன், தம்பி, மச்சான் என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். ஓசூரில் பாதிப் பேர் வேலைக்கு வந்தவர்கள். சொந்தபந்தம் முழுக்க இருநூறு, முந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கும்.

பாண்டி அப்படி வந்தவர். அருப்புக்கோட்டைப் பக்கம். வார்ப்பட ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. முகாமுக்கு மூன்று நாள் முன்பு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கவுன்டரில் வந்து நின்றார். மனைவி முத்துலட்சுமிக்கு முதல் பிரசவம். குழந்தைக்கு முன்னால் நஞ்சுக்கொடி இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், செய்யும்போது ரத்தம் கொட்டும். இரண்டு உயிரும் எங்கள் ஃப்ரிட்ஜை நம்பியிருந்தன. அவளுடைய குரூப் ஓ பாசிட்டிவ், இருப்பதிலேயே சாதாரணமான குரூப். அந்தச் சாதாரணமான குரூப்பில் எங்களிடம் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு பை.

"டாக்டரம்மா நாலு பை கேக்குறாகக்கா. வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சிருக்காக."

"உங்க ஆளுங்க யாராவது வருவாங்களா?"

"எங்கூரா இருந்தா பங்காளிக வேன் பிடிச்சு வந்துருவாக. இங்கன எனக்கு ஆரு இருக்கா? ரூம்ல இருக்கவன்லாம் ஷிப்டுல கிடக்கான். ஒரு நாள் லீவு போட்டா மறுநா வராதேங்கிறாரு கான்ட்ராக்டரு. என்ட்ட எடுத்துக்கங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

அவரை எடை மெஷினில் ஏற்றினேன். முள் நாற்பத்தைந்தைத் தொடவில்லை. விரல் நுனியில் எடுத்த சொட்டை நீல மருந்தில் விட்டேன். ரத்தம் போதுமான கனமாக இருந்தால் சொட்டு உடனே அடியில் இறங்கும். அவருடையது மேலேயே மிதந்தது.

"உங்ககிட்ட எடுக்க முடியாதுங்க. அன்ஃபிட்" என்றேன். தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வார்த்தை, யோசிக்காமல் வந்துவிட்டது.

பாண்டி மெஷினை விட்டு இறங்கவே இல்லை. அதன் மேலே நின்றபடியே கேட்டார்.

"பன்னெண்டு மணி நேரம் இரும்பு தூக்குறதுக்கு ஃபிட்டாம். கட்டுனவளுக்கு ரத்தம் குடுக்க அன்ஃபிட்டாக்கா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் போன் போட்டேன். அங்கிருந்த ரத்த வங்கிக்காரர்கள் என்னிடமே ரத்தம் கேட்டார்கள். பெங்களூருக்குக் கூட்டிப் போகலாம் என்றால், போகிற வழியில் உதிரம் பெருகிவிட்டால் நடு ரோட்டில் என்ன செய்வது? நான் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, என்னிடமும் எடுக்க மாட்டார்கள். டாக்டரம்மா போனில் நேராகவே சொல்லிவிட்டார்: "நாலு பை என் கையில வராம நான் கத்தியைத் தொட மாட்டேன் கலை. தெரிஞ்சே ஒருத்தியைச் சாகடிக்க முடியாது."

இன்னும் லீவு விடாத அந்தப் பாலிடெக்னிக்கின் முகாமை நம்பித்தான் பாண்டியிடம் கவலைப்படாமல் போகச் சொன்னேன். அந்த முகாமில்தான் ஆறு கட்டிலும் காலியாகக் கிடந்தன.

3. மெஸ்ஸில் கேட்ட பதில்

மதியம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கே போனேன். தட்டை வாங்கிக்கொண்டு பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுத்தால் ஏதாவது வெளியே வரும் என்று பார்த்தேன்.

"ஏம்ப்பா, உங்களுக்கெல்லாம் என்னதான் பிரச்சனை? ஊசின்னா பயமா?"

"அதெல்லாம் இல்ல மேடம். எனக்கு நாளைக்கு மேட்ச் இருக்கு."

"நான் அம்மாவைக் கேக்கணும் மேடம்."

மூன்றாவது தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்த ஒருவன், "எனக்கு உடம்பு ரொம்ப வீக் மேடம்" என்றான். அவன் தட்டைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான்.

பழைய வம்பாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சில வருடம் முன்பு வேறொரு கல்லூரியில் ஒரு முதல் வருடப் பையனிடம் "உனக்கு பாசிட்டிவ்ப்பா" என்று குரூப்பைச் சொன்னேன். அவன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். அப்போது சுவருக்குச் சுவர் எய்ட்ஸ் விளம்பரம். பாசிட்டிவ் என்றால் அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். அன்றிலிருந்து பையன்களிடம் நான் "ஓ பிளஸ், பி பிளஸ்" என்றுதான் சொல்வேன். இங்கேயும் அந்த மாதிரி ஏதோ ஒரு பேச்சு பரவியிருக்கும், ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

கடைசியில் நாகராஜ் என்ற இரண்டாம் வருடப் பையன்தான் வாயைத் திறந்தான். பர்கூர்ப் பக்கத்துப் பையன், பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து சேர்ந்தவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. மாதேஷ் அண்ணனுக்கு ஆன கதி எங்களுக்கு ஆகக் கூடாது."

"யாருடா மாதேஷ்?"

"எங்க சீனியர் மேடம். தேன்கனிக்கோட்டை. போன வருஷம் உங்க கேம்ப்ல ரத்தம் குடுத்தாரு. அடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ. எழுத்துப் பரீட்சைல அவருதான் ஃபர்ஸ்ட். மெடிக்கல்ல அன்ஃபிட் பண்ணிட்டாங்க."

ஓசூர்ப் பக்கம் இருந்து பார்த்தால்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். இங்கே பிள்ளைகள் டிப்ளமோ படிப்பதே ஒரு பெரிய கம்பெனிக்குள் நுழைவதற்குத்தான். பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுதலாம். மெடிக்கலில் போனால் போனதுதான். கம்பெனி ஒட்டுகிற லிஸ்டில் பேருக்கு எதிரே 'அன்ஃபிட்' என்று மட்டும் இருக்கும், எதனால் என்று இருக்காது. பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட, "பையனை ஏதோ மெடிக்கல்ல தள்ளிட்டாங்களாமே" என்று இழுப்பார்கள்.

ஒரு வருடத்தில் அந்தப் பேச்சு நன்றாக வளர்ந்திருந்தது. ரத்தம் கொடுத்தால் ஆறு மாதம் ஊறாதாம். கம்பெனி டாக்டர் முழங்கைத் தழும்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். கொடுத்தவன் பேர் எங்களிடமிருந்து கம்பெனிக்குப் போகிறதாம். இவர்களை நான் காலையிலிருந்து கல்நெஞ்சுக்காரர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், வேலைக்குப் பயந்துபோய்க் கிடந்தார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே நாங்கள் எடுத்ததால்தான் அந்தப் பையன் வேலை போயிருந்தால்?

4. டீக்கடையில் மாதேஷ்

மாதேஷ் அதே தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இருப்பதாகத் தனபால் சார் சொன்னார். மெஷின்களுக்கு கன்ட்ரோல் பேனல் போர்டு கட்டித் தருகிற இடம். பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் ஒயர் ஓடும். சாயங்கால டீ நேரத்துக்குப் போய் அவனை வெளியே கூப்பிட்டேன். ஒல்லியான, உயரமான பையன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான். முகம் மாறிவிட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உனக்கு ரத்தம் கம்மின்னா கம்பெனி டாக்டர் சொன்னாரு?"

"ஆமா மேடம்."

"எவ்வளவுன்னாரு?"

"ஞாபகம் இல்ல."

"வேலை போன காரணத்தை எவனாவது மறப்பானாடா? போன வருஷம் உன் சொட்டு மருந்துல விட்ட உடனே எறங்கிச்சு. கம்மியா இருந்தா அன்னைக்கே உன்னைத் திருப்பி அனுப்பியிருப்போம். நெசத்தைச் சொல்லு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டு ஒயரை எடுத்து என் கையில் வைத்தான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"இது ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் மேடம் தெரியும். அங்க ஒரு புள்ளி புக் காட்டுனாங்க. கலர் கலராப் புள்ளி, நடுவுல நம்பர் இருக்குமாம். எல்லாரும் படிக்கறாங்க. எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிஞ்சுது. எலக்ட்ரிக்கலுக்கு இந்தக் கண்ணு ஆகாதுன்னுட்டாங்க."

"அப்ப இந்த வேலையை எப்படிச் செய்யற?"

"ஒவ்வொரு ஒயர் முனையிலயும் நம்பர் போட்ட சின்னக் குழாய் மாட்டுவாங்க மேடம், ஃபெர்ரூல்னு. நான் கலரே பாக்கறதில்ல. நம்பரைப் பாத்துத்தான் போடுவேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட மாத்திப் போட்டதில்ல. எந்தக் கலர் ஒயர் ரோல்னு தெரியலைன்னா பக்கத்துல இருக்கவனை எடுத்துக் குடுக்கச் சொல்வேன்."

முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏண்டா, உன் கண்ணு பண்ணின வேலைக்கு என் ஊசி மேல பழியா? ஹாஸ்டல்ல ஒருத்தன்கூட கேம்ப்புக்கு வர மாட்டேங்கறான்."

"நான் யாருகிட்டயும் அப்படிச் சொல்லல மேடம். லிஸ்ட் பாத்துட்டு வந்தவங்க அவங்களா பேசிக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான். ரத்தம் குடுத்து வேலை போச்சுன்னா பாவம்பாங்க. கண்ணுல கலர் தெரியாதுன்னா, மூணு வருஷம் எதுக்குடா ஒயர் புடிச்சன்னு சிரிப்பாங்க. எங்கப்பாவுக்கே தெரியாது. காட்டுல யானை மிதிச்சது போக மிச்சம் வந்த ராகியை வித்துப் படிக்க வெச்சாரு."

பேர் சொல்லாமல் முத்துலட்சுமி விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒருத்தி அசையாமல் படுத்துக் கிடக்கிறாள், அவளுக்குத் தேவையான ரத்தம் அந்த ஹாஸ்டலில் ஓடிக்கொண்டிருக்கிறது, உன் பேரைச் சொல்லித்தான் ஒருவனும் வர மறுக்கிறான் என்றேன். அவன் பாதி டீயைத் தரையில் ஊற்றினான்.

"எங்க ஓனருக்குத் தெரிஞ்சா ஒயர்ல கை வைக்க விட மாட்டாரு மேடம். என்னால வந்து சொல்ல முடியாது. என்னைக் கேக்காதீங்க."

கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவன் பிழைப்பை எடுத்து இன்னொருத்தியின் உயிருக்கு ஈடாக வைக்க நான் யார்? உன் கண் விஷயம் என் வாயிலிருந்து வராது, நாளைக்கும் அதே ஹாலில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு, ஒயர்த் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

5. மறுநாள் ஹாலில்

மறுநாள் காலையில் டாக்டரம்மா போன் செய்தார். முத்துலட்சுமிக்கு லேசாக உதிரம் கசிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை தாங்காது, வியாழனே கத்தி வைத்தாக வேண்டும். எடுத்த ரத்தத்தை நோய்க்கிருமிப் பரிசோதனை செய்து முடிக்கவும் நேரம் வேண்டும். அன்றைக்குள் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மறுபடியும் அதே ஹால், அதே கட்டில்கள். தனபால் சார் பையன்களை உட்கார வைத்திருந்தார். நான் மைக் இல்லாமலே பேசினேன். எடுப்பது எவ்வளவு, உடம்பு அதை எப்படித் திரும்ப ஊற வைக்கிறது, கொடுத்தவன் பேர் எந்தக் கம்பெனிக்கும் போகாது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவனும் எழவில்லை.

"மாதேஷ் அன்ஃபிட் ஆனதுக்குக் காரணம் ரத்தம் இல்ல" என்றேன்.

"பின்ன என்ன மேடம்?" என்று கேட்டான் நாகராஜ்.

"அதை நான் சொல்லக் கூடாது."

ஹால் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஒத்துரா" என்றான். தெலுங்கில் வேண்டாம்டா என்று அர்த்தம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. காரணத்தை மறைத்துக்கொண்டு என்னை நம்பு என்றால் நானே நம்ப மாட்டேன். நாலு பேர் எழுந்து வெளியே போகத் திரும்பினார்கள். எனக்குக் கண்முன்னே பாண்டி எடை மெஷினில் நிற்பதுதான் தெரிந்தது.

வெளியே போனவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எதிரே பட்டறைச் சட்டையோடு மாதேஷ் வந்துகொண்டிருந்தான். யாரிடமும் பேசாமல் நேரே முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து அதே இரண்டு ஒயரை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

"நாகா, இதுல எதுடா சிவப்பு?"

"இந்தக் கையில இருக்கறதுண்ணா. ஏன்?"

"எனக்குத் தெரியாதுடா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பொறந்ததுலேருந்தே அப்படித்தான். கம்பெனில அதைக் கண்டுபுடிச்சிட்டாங்க, அதான் அன்ஃபிட். ரத்தம் நல்லா இருக்குன்னு அந்த டாக்டரே சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட வாயைத் தொறக்கல."

யாரும் சிரிக்கவில்லை. தனபால் சார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷம் என் லேப்ல நின்னானே, எனக்குத் தெரியலையே" என்று மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, அப்ப லேப்ல எப்படிண்ணா கனெக்ஷன் குடுத்தீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பக்கத்து டேபிளைப் பாத்துத்தான். அதான் எப்பவும் ரெண்டாவதா முடிப்பேன்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். மாதேஷும் சிரித்தான். அப்புறம் சொன்னான்.

"டேய், நான் பேசாம இருந்ததால அங்க ஒருத்தங்க ரத்தம் இல்லாம கெடக்கறாங்க. இன்னையோட என் வேலை இருக்குமோ இருக்காதோ தெரியல. அதைப் பாத்துக்கலாம். என்னைச் சாக்கு வெச்சு யாரும் ஓடாதீங்க, அவ்ளோதான்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் கட்டிலில் போய்ப் படுத்தான். எடை பாக்கணும், சொட்டு பாக்கணும் எந்திரிடா என்று நான் அதட்டினேன். அதட்டாமல் இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

நாகராஜ் வந்தான். மேட்ச் இருக்கு என்றவன் வந்தான். அம்மாவைக் கேட்க வேண்டியவன் வராண்டாவில் போய் யார் போனிலோ பேசிவிட்டு வந்தான். உடம்பு வீக் என்று சொன்ன பையன் எடை மெஷினில் ஏறியதும் டாக்டரே சிரித்துவிட்டார். அவன் ஓ பிளஸ். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைத் திருப்பி அனுப்பினேன். கடைசி வருடப் பையன்களையும் நிறுத்தினேன்.

"உங்களுக்கு இன்டர்வியூ இருக்கு. ஒரு பை குடுத்தா கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். மெடிக்கல் முடிச்சுட்டு வாங்க. இன்னைக்கு ஜூஸ் எடுத்துக் குடுங்க போதும்."

அதற்கப்புறம்தான் அந்த ஹாலில் என்னை முழுதாக நம்பினார்கள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஐஸ் பெட்டி நிறைந்து வண்டி ஏறியது. டிரைவருக்கு ஜூஸ் மிஞ்சவில்லை.

6. அதற்குப் பிறகு

வியாழக்கிழமை முத்துலட்சுமிக்கு ரத்தம் கொட்டத்தான் செய்தது. கேட்டதற்கு மேல் ஒரு பை ஏற்ற வேண்டி வந்தது. டாக்டரம்மா போனில், "ரெண்டும் பத்திரம் கலை, பொண்ணு" என்றார். பாண்டி கவுன்டருக்கு வந்து, குடுத்தவுக ஆருன்னு சொல்லுங்கக்கா என்று கெஞ்சினார். சொல்லக் கூடாது என்றேன். "அப்ப அவுக எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று எங்கள் கவுன்டரைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாதேஷ் விஷயம் ஒரு வாரத்துக்குள் பட்டறைக்கு எட்டிவிட்டது. ஓனர் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் ஒயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். தகடு வெட்டுவது, துளை போடுவது, பேக்கிங் கட்டுவது என்று ஹெல்பர் வேலை. ஒரு ஒயரைக்கூட மாற்றிப் போடாத பையன். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. உண்மை சொன்னவனுக்கு நல்லதுதான் நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை.

முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாணவர்கள் வரவில்லை என்றால் போஸ்டரைப் பெரிதாக அடிக்காதீர்கள், தியாகம் என்று மைக்கில் முழங்காதீர்கள். மெஸ்ஸில் போய் உட்கார்ந்து, எதற்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். சிரித்து மழுப்புவார்கள். பொறுத்துக்கொண்டு இன்னொரு தரம் கேளுங்கள். பதில் வந்ததும், அதில் உண்மை எவ்வளவோ அவ்வளவையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மாதேஷ் எங்கள் ரத்த வங்கிக்கே வந்தான். கூப்பிட யாரும் போகவில்லை, அவனாகத்தான் வந்தான். கட்டிலில் படுக்க வைத்து ஊசி ஏற்றிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் மேல கோபம் இருக்காடா?"

"இல்ல மேடம். முன்னாடி ஒவ்வொரு ஒயர் எடுக்கறப்பவும் எவனாவது பாக்கறானான்னு திரும்பித் திரும்பிப் பாப்பேன். இப்ப அது இல்ல. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

கீழே தராசுத் தட்டில் பை நிறைந்துகொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எனக்கு இது வண்டில இருந்து வடிச்ச பழைய ஆயில் மாதிரிதான் மேடம் தெரியுது. நீங்கல்லாம் சிவப்பு, சிவப்புங்கறீங்களே, அது எப்படி இருக்கும்?"

எத்தனையோ வருடமாக அந்த நிறத்தோடு வேலை பார்த்தவள் நான். செம்பருத்தி என்று சொல்லலாமா, குங்குமம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதெல்லாமும் அவனுக்கு ஆயில் நிறமாகத்தானே இருக்கும். ஊசியை எடுத்து, குழாயை சீல் வைத்து வெட்டிவிட்டு, நிறைந்த பையை அவனுடைய உள்ளங்கையில் வைத்தேன். உடம்பிலிருந்து அப்போதுதான் வந்தது.

"இப்படி இருக்கும்" என்றேன்.

அவன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"சூடா இருக்கு மேடம்" என்றான்.